முதலில் ஃபேன், அப்புறம் ஆள்

பெங்களூர் மர்பி டவுனில் எத்திராஜ் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ராக்கெட் ஆபீசில் ஐஸ் ஊற்றுகிறவர் என்பார் ஒருவர். கேஸ் கம்பெனி ஃபிட்டர் என்பார் இன்னொருவர். முதல் ஆள் சொல்வதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும்.

அல்சூரில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில்தான் அவர் வேலை கற்றார். அங்கே அம்மோனியா ஓடும் குழாய்கள். எங்காவது கசிந்தால் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும், எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். அதனால் அங்கே யாரும் சாகவில்லை. பிறகு ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் குளிர் சாதனங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். எத்திராஜ் போய்ச் சேர்ந்தார். 1991ல் அங்கே ஒரு தொலைநோக்கி கட்டத் தொடங்கினார்கள். ராக்கெட்டின் மூக்கில் வைத்து அனுப்புகிற தொலைநோக்கி.

அது எதைப் பார்க்கப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நட்சத்திரங்களுக்கு நடுவே தூசி மண்டிக் கிடக்கிறது. அந்தத் தூசியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வராது. மிக லேசான ஒரு வெப்பம் மட்டும் வரும். தொலை அகச்சிவப்பு ஒளி என்று அதைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றும் ஈரமும் அதை வழியிலேயே குடித்துவிடும், தரைக்கு வந்து சேராது. ஆகவே காற்றைத் தாண்டி மேலே போக வேண்டும். ராக்கெட் ஏறி, மறுபடி விழுவதற்குள் கிடைக்கிற சில நிமிடங்களில் வானத்தைச் சுற்றி அளந்துவிட வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பார்க்கிற கருவி பார்க்கப்படுகிற தூசியைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். தனக்கே காய்ச்சல் அடிக்கும்போது பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது புரியும். சூடான கைக்கு இன்னொரு சூடு தெரியாது.

அதனால் அந்தத் தொலைநோக்கியை ஒரு பெரிய உலோகக் குடுவைக்குள் வைத்து, உள்ளே திரவ ஹீலியமும் அதைச் சுற்றித் திரவ நைட்ரஜனும் நிரப்பி, வாயை மூடி வைத்திருந்தார்கள். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்தது. எத்திராஜுக்கு அது 'டேங்க்'. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காலையிலும் மாலையிலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை, சாவு, கல்யாணம் எதுவும் டேங்குக்குக் கிடையாது. படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளியைப் பார்த்துக்கொள்வது மாதிரியான வேலை. அவசரமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

மூன்று தடவை குளிரவைத்தார்கள். மூன்று தடவையும் ஏதோ காரணத்தால் டேங்க் சூடேற நேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிற்று. திறந்து, சரிசெய்து, மறுபடி மூடிக் குளிரவைக்க மாதக்கணக்கில் ஆனது. நான்காவது தடவை குளிரவைத்தபோது, திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த சீனிவாசராகவன் எத்திராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எத்திராஜ், பிப்ரவரியில ராக்கெட் குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல இது சூடாச்சுன்னா அடுத்த ராக்கெட் கிடையாது. கடைய மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சூடாகாது சார்," என்றார் எத்திராஜ்.

அவருக்கு உதவியாள் முனிகிருஷ்ணன். எத்திராஜ் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவன். எத்திராஜ்தான் சொல்லி அவனை உள்ளே சேர்த்தார். முனிகிருஷ்ணன் பெண்டாட்டி லட்சுமம்மா இந்திராநகரில் நாலு வீட்டில் சமையலும் பாத்திரமும் பார்த்தாள். ஷில்பா என்று ஒரு பெண் குழந்தை. வேலை கிடைத்த அன்று லட்சுமம்மா எத்திராஜ் வீட்டுக்கு வந்து, "எத்திராஜண்ணா, அவருக்குக் கோவம் கீவம் வந்தா நீ ரெண்டு போடு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபப்படுகிற ஆள் இல்லை அவன். வாய்தான் நீளம்.

"ண்ணா, அண்ணிக்கு ஒரு நாளாவது இப்பிடி வேளா வேளைக்கு ஊத்திக் குடுத்திருக்கியா நீ?"

"அவ ஆவியாப் போமாட்டா. நீ குழாயப் புடி."

"ஆவியாவறது இல்ல, கொதிக்கிறது. நேத்து அண்ணி கொதிச்சது எங்க ஊட்டு வரைக்கும் கேட்டுச்சு."

எத்திராஜின் மனைவி சந்திரம்மா நிஜமாகவே கொதிக்கிறவள்தான்.

டேங்க் இருந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறையின் நடுவில் இடுப்பளவு ஆழத்துக்குத் தரையை வெட்டிக் குழி மாதிரி செய்திருந்தார்கள். டேங்க் உயரமானது, மேலே இருந்தபடி ஊற்றுவதற்கு அது வசதி. குழிக்கு இறங்க நான்கைந்து படிகள். குழியின் சுவரில், தரையோடு தரையாக, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே கதவருகில் இருந்தது. திரவ நைட்ரஜன் ஆவியானால் அந்தக் குளிர்ந்த காற்று கனமாகக் கீழேதான் தங்கும். அதற்கு மணம் இல்லை, எரிச்சல் இல்லை. நாம் சுவாசிக்கிற காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் தலை போனால் மூச்சு முட்டுவது போலக்கூட இருக்காது. இரண்டு மூச்சு இழுப்பதற்குள் கால் மடிந்துவிடும். அம்மோனியாவுக்கு இருக்கிற நாணயம் நைட்ரஜனுக்குக் கிடையாது.

டேங்க் வேலை தொடங்கிய முதல் நாளே சீனிவாசராகவன் எத்திராஜை அந்தக் கதவருகில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் உடனே ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. குனிகிறவனும் விழுவான். முதலில் ஃபேனைப் போடு, கதவைத் திற, காற்று மாறட்டும், அப்புறம் ஆளைத் தூக்கு. "முதல்ல ஃபேன், அப்புறம் ஆள்" என்று அவரையே திருப்பிச் சொல்லவைத்தார். முனிகிருஷ்ணன் சேர்ந்தபோது எத்திராஜ் அவனை அதே இடத்தில் நிறுத்தி அதையே சொல்லவைத்தார். அவன் ராகம் போட்டுச் சொன்னான்.

1994ஆம் வருட ஆயுத பூஜை அன்று காலையிலேயே நிலையத்தில் எல்லாவற்றையும் துடைத்து, லேத்துக்கும் பம்புகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்துவிட்டார்கள். பூஜை போட்ட பிறகு எந்தக் கருவியையும் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. எல்லோரும் மத்தியானமே கிளம்பினார்கள். டேங்கைத் தொடாமல் இருக்க முடியாது என்பதால் எத்திராஜும் முனிகிருஷ்ணனும் மட்டும் இருந்தார்கள்.

முனிகிருஷ்ணனுக்கு ஒரு குறை. கருவிகளில் புகை படியும் என்று சொல்லி சீனிவாசராகவன் டேங்க் அறைக்குள் கற்பூரம் கொளுத்தவிடவில்லை.

"எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சாச்சு ண்ணா. பாவம், நம்ம டேங்க் மட்டும் அநாதையா நிக்குது. மேல போவப்போறதே அதுதான்."

"கற்பூரம் வாணாம்."

"விளக்கு? லட்சுமி எங்க ஊட்டு வெளக்கக் குடுத்து அனுப்பிச்சிருக்கா. சாயங்காலம் வரைக்கும் அணையாம பாத்துக்கன்னு சொன்னா."

எத்திராஜ் சரி என்றார். முனிகிருஷ்ணன் குழியில் இறங்கி, டேங்குக்கு முன்னால் கீழே ஒரு சின்ன பித்தளை விளக்கை ஏற்றிவைத்தான், நாலு சாமந்திப்பூ வைத்தான், மேலே ஏறி வந்து படிக்கு மேலே உட்கார்ந்து பொரி தின்றான். எத்திராஜ் மாலை ஊற்றுக்கு வால்வைத் திறந்துவிட்டு, பின்கட்டில் இருந்த பெரிய சேமிப்புக் கலனைப் பார்க்கப் போனார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. தினமும் அப்படித்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் தரையோடு ஓடுகிற ஃபேன் தரையில் இருக்கிற விளக்கை ஆட்டத்தானே செய்யும். அணைந்துவிடுமோ என்று முனிகிருஷ்ணன் எழுந்து வெளியே வந்து ஃபேனை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று நினைத்திருப்பான். விளக்கு ஆடாமல் நின்று எரிந்தது. டேங்கிலிருந்து வழிந்த நைட்ரஜன் குழியில் சேர்ந்தது, விளக்கின் உயரத்துக்கு வந்தது, விளக்கு அணைந்தது.

ஐஸ் ஃபேக்டரியில் மூக்கு எரிகிற மாதிரி, அந்தக் குழி கொடுத்த ஒரே எச்சரிக்கை அதுதான். வேறு ஊர்க்காரன் யாராவது அணைந்த விளக்கைப் பார்த்திருந்தால் ஏன் அணைந்தது என்று யோசித்திருப்பானோ என்னவோ. முனிகிருஷ்ணன் பூஜை நாளும் அதுவுமாக விளக்கு அணைந்துவிட்டதே என்று பதறி, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கிக் குனிந்தான். பிறகு பார்த்தபோது அவன் பக்கத்தில் இரண்டு தீக்குச்சிகள் கிடந்தன. மருந்து மட்டும் கருகியிருந்தது. குச்சி பற்றவில்லை.

எத்திராஜ் திரும்பி வந்தபோது முதலில் கவனித்தது சத்தத்தைத்தான். ஃபேன் சத்தம் இல்லை. கதவருகிலேயே சுவிட்சைத் தட்டினார். இரண்டு கதவையும் திறந்தார். குழியில் வெண்புகை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்குள் முனிகிருஷ்ணனின் நீலச் சட்டை முதுகு தெரிந்தது.

அவர் ஓடிப்போய் வால்வை மூடினார். அது மேலேயே இருந்தது. குழிக்கு வெளியே நின்று, குழாயை இழுக்கிற இரும்புக் கொக்கியை நீட்டி அவன் சட்டைக் காலரில் மாட்டி இழுத்தார். சட்டை கிழிந்தது. மறுபடி பெல்ட்டில் மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. முதுகில் ஒரு நீளமான கீறல் விழுந்ததுதான் மிச்சம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார். புகை தரையை விட்டு விலக வேண்டும். ஃபேன் ஓடியது. முனிகிருஷ்ணன் அசையவில்லை. இடுப்பளவு ஆழம். ஒரு தாவு தாவினால் கைக்கு எட்டிவிடுகிற தூரம். எத்திராஜ் அந்த இடத்திலேயே நின்றார்.

புகை விலகியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவனை மேலே இழுத்துப் போட்டார். நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார். கேட்டில் இருந்த காவலாளி ஓடி வந்தான். ஒரு கட்டத்தில் முனிகிருஷ்ணன் தானாக ஒரு மூச்சு இழுத்தான், பிறகு இன்னொன்று. நிலையத்து வேனில் அவனைப் படுக்கவைத்தார்கள். காவலாளி கூட ஏறிக்கொண்டான்.

டிரைவர், "ஏறுங்க ண்ணா," என்றான்.

"நீங்க போங்க. நான் பின்னாடியே வரேன்," என்றார் எத்திராஜ்.

வேன் போனதும் அவர் உள்ளே போய், ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வால்வைத் திறந்து, பாதியில் நின்ற ஊற்றை ஊற்றி முடித்தார். அளவு சரியாக இருந்தது. மூடினார். பஸ் பிடித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. லட்சுமம்மா அவருக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தாள்.

முனிகிருஷ்ணன் பிழைத்தான். பிழைத்தான் என்றால் இதயம் அடித்தது, மூச்சு விட்டான், கண் திறந்தான். மூளைக்குப் போக வேண்டிய காற்று போகவேண்டிய நேரத்தில் போகவில்லை. பார்வை எதன் மீதும் நிற்கவில்லை. கையும் காலும் மடங்கி இறுகிக்கொண்டன. சில வாரம் வைத்திருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நிலையத்தில் விசாரணை நடந்தது. எத்திராஜ் செய்தது எல்லாம் முறைப்படி சரி என்று எழுதினார்கள். கூட்டத்தில் சீனிவாசராகவன் எழுந்து நின்று பேசினார். "எத்திராஜ் அன்னைக்கு உள்ள குதிச்சிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்க. ஆளையும் காப்பாத்தினார், டேங்கையும் காப்பாத்தினார்." அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் பேச்சு இரண்டே நாளில் மர்பி டவுனுக்கு வந்து சேர்ந்தது.

லட்சுமம்மா சண்டை போடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் நிற்கும்போது, எத்திராஜ் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கண்ணு முன்னால ஒரு மனுசன் கிடக்கான். நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. எப்பிடி நிக்க முடிஞ்சுது?"

அதற்குப் பிறகு அவள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

எத்திராஜ் தினமும் விடிந்ததும் முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார். ஒரு ஆண்பிள்ளையைப் புரட்டிக் குளிப்பாட்ட ஒரு பெண்ணால் தனியாக முடியாது என்பது லட்சுமம்மாவுக்கும் தெரியும். அதனால் கதவைத் திறந்துவைத்தாள். இந்த வேலையில் பாசத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். இரண்டு மணிக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புட்டத்திலும் குதிகாலிலும் தோல் செத்துப்போகும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போதும், புண் வந்துவிடும். பவுடரை அப்பினால் ஊறி இன்னும் கெடும். கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டிக் குழாய் வழியாக விடும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்தும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். தலை தாழ்ந்தால் கஞ்சி நெஞ்சுக்குள் போகும். எத்திராஜ் இதையெல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வேளை தவறாமல் ஒன்றைச் செய்வது அவருக்குப் புதிதில்லை. முதுகில் அந்தக் கீறல் ஆறி வெள்ளைக் கோடாக நின்றது. புரட்டும்போதெல்லாம் அது மேலே வரும். இருவரும் அதைப் பார்ப்பார்கள்.

வேலை முடிந்ததும் அவர் கை கழுவிவிட்டுக் கிளம்புவார். லட்சுமம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை.

"அங்க போய் ஏன் இப்பிடி நிக்கிற? அவ மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டேங்கறா," என்றாள் சந்திரம்மா.

"பாக்காட்டிப் போறா."

"கேட்டா பதில் சொல்லேன். உள்ள போயிருந்தா நானும் தாலியறுத்திருப்பேன்னு சொல்லு. நான் வந்து சொல்லட்டுமா?"

"நீ வாய மூடிட்டு இரு."

ஆனால் அவர் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் இருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது மனதுக்குள் சொல்லிப் பார்ப்பார். நைட்ரஜன் எப்படிக் கீழே நிற்கும், இரண்டு மூச்சில் என்ன ஆகும், சட்டை எப்படிக் கிழிந்தது, இரண்டாவது ஆளும் விழுந்திருந்தால் காவலாளி வந்து பார்க்கும்போது இரண்டு பிணம்தான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சு இன்னும் தெளிவாக வந்தது. அதைக் கேட்க வேண்டியவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

பிப்ரவரியில் டேங்க் ராக்கெட் ஏவுகிற கடற்கரைக்குப் போயிற்று. எத்திராஜும் கூடப் போனார். ராக்கெட்டின் உச்சியில் பொருத்திய பிறகும், கோபுரத்தில் ஏறி, கடைசி வரைக்கும் அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் சந்திரம்மா போய் முனிகிருஷ்ணனைப் புரட்டினாள். வாயாடிக்கொண்டேதான், ஆனாலும் போனாள்.

ராக்கெட் ஏறியது. மேலே போனதும் டேங்கின் மூடி திறக்க வேண்டும். சற்றுத் தாமதமாகத் திறந்தது. நினைத்த வானத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் அளக்க முடிந்தது. பிறகு எல்லாம் கடலில் விழுந்தது. மிதக்க வேண்டியது மிதக்கவில்லை. படகுகள் தேடிவிட்டுத் திரும்பின. அத்தனை மாதம் குளிர் குறையாமல் பார்த்துக்கொண்ட டேங்க் உப்புத் தண்ணீருக்கு அடியில் போயிற்று. பறக்கும்போதே ரேடியோ வழியாகத் தரைக்கு வந்த அளவுகள்தான் மிச்சம்.

சீனிவாசராகவன் அழுதுவிடுவார் போல இருந்தார், சந்தோஷத்தில். எத்திராஜ் கேட்டது ஒன்றுதான்.

"கடைசி வரைக்கும் குளிர்ச்சி இருந்துச்சா சார்?"

"இருந்தது. கடைசி வரைக்கும் இருந்தது."

சில மாதம் கழித்து அந்த வானத்தைக் கெட்டி அட்டையில் படமாக அச்சடித்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். கறுப்பில் சாம்பல் நிறத் திட்டுகள். ஒரு பக்கம் மூடி தாமதமான இடத்தில் ஒன்றுமே இல்லை. எத்திராஜ் தன் பிரதியை வீட்டில் வைக்கவில்லை. முனிகிருஷ்ணனுக்குச் சேர வேண்டியது என்று நினைத்து மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போனார்.

லட்சுமம்மா அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினாள்.

"என்ன இது?"

"வானம். ராக்கெட்ல போய்ப் பாத்தது."

"இந்தத் திட்டுத் திட்டா இருக்கறது?"

"தூசி. ரொம்பக் குளுந்து போன தூசி."

அவள் கட்டிலைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

அடுத்த நாள் அவர் போனபோது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வைத்திருந்த செங்கற்களில் ஒன்று ஆடாமல் இருக்க அந்த அட்டை மடித்து அடியில் சொருகப்பட்டிருந்தது. கட்டில் முன்பைவிட உறுதியாக நின்றது. அவரே வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்.

முனிகிருஷ்ணன் மேலும் ஒன்றரை வருடம் கிடந்தான். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, இறந்தான். இப்படிக் கிடக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போவார்கள். உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. கழுவி எடுத்தவர்கள் அதை வியப்போடு சொன்னார்கள். லட்சுமம்மா அழுதாள், பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள்.

கணவனின் வேலைக்குப் பதிலாக அவளுக்கு நிலையத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். காலையில் எத்திராஜ் ஏறுகிற பஸ்ஸில்தான் அவளும் ஏறினாள். அவள் முன்பக்கம், அவர் பின்பக்கம். டேங்க் அறைக்கு வெளியே இருக்கிற வராந்தாவை அவள்தான் தினமும் துடைத்தாள். கதவுக்கு உள்ளே ஒரு நாளும் கால் வைக்கவில்லை. உள்ளே வேறு டேங்குகள் வந்திருந்தன, வேறு ஆட்கள் வேறு சோதனைகள் செய்தார்கள். ஃபேன் சுவிட்ச் இப்போது யாரும் தொட முடியாதபடி பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. சாவி எத்திராஜிடம்.

1998 ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிய பிறகு, எத்திராஜ் மாலை ஊற்றுக்காகக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பின்னால் லட்சுமம்மா வந்து நின்றாள். கையில் ஒரு பை. அதிலிருந்து பித்தளை விளக்கை எடுத்தாள். விபத்துக்குப் பிறகு யாரோ கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருந்த அதே விளக்கு. எண்ணெயும் திரியும் போட்டுத் தயாராக இருந்தது.

"ஃபேன நிறுத்து," என்றாள்.

"எதுக்கு?"

"பாக்கணும்."

"வாணாம் லட்சுமம்மா."

"நான் எறங்கமாட்டேன். மேலயே நிப்பேன். நிறுத்து."

எத்திராஜ் அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஃபேனை நிறுத்தினார். கதவுகளை அகலத் திறந்துவைத்தார். ஒரு பெரிய குடுவையிலிருந்து நைட்ரஜனைக் குழிக்குள் ஊற்றினார். அது தரையில் விழுந்து பாம்பு மாதிரி சீறிக்கொண்டு ஓடி, வெண்புகையாகப் பரந்து, மெல்ல மேலே ஏறியது. இருவரும் விளிம்பிலிருந்து தள்ளி நின்றார்கள்.

லட்சுமம்மா விளக்கை ஏற்றினாள். அதைக் கட்டுவதற்குக் கயிறும் கொண்டுவந்திருந்தாள். எத்திராஜ் பழைய இரும்புக் கொக்கியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதில் கயிற்றை மாட்டி, விளக்கை நிதானமாகக் கீழே இறக்கினாள். படியின் பாதி உயரம் வரைக்கும் சுடர் நேராக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கை அளவு போனதும் சிறுத்தது, நீலமானது, இல்லாமல் போனது. யாரோ விரலால் கிள்ளியது போல. காற்றே அடிக்கவில்லை.

அவள் மேலே இழுத்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினாள். அதே இடத்தில் அணைந்தது. இன்னொரு தடவை செய்தாள்.

"குச்சி?"

எத்திராஜ் தீக்குச்சியைக் கொக்கி நுனியில் செருகி, பற்றவைத்த வேகத்தில் இறக்கிக் காட்டினார். மருந்து எரிந்து முடிந்ததும் குச்சி பற்றாமல் நின்றுவிட்டது.

"அவரு எங்க கிடந்தாரு?"

அவர் காட்டினார்.

"நீ எங்க நின்ன?"

"இங்கதான்."

அவள் அந்த இடத்துக்கு வந்து நின்றாள். கீழே பார்த்தாள். தூரத்தை அளப்பது போலக் கையை ஒரு தடவை நீட்டி, மடக்கிக்கொண்டாள். எத்திராஜ் தொண்டையைச் செருமினார். நான்கு வருடமாகத் தயாராக இருந்த பேச்சு அது. நைட்ரஜன் எப்படிக் கீழே நிற்கும் என்பதிலிருந்து அவர் ஆரம்பிக்கப் போனார்.

"சொல்ல வாணாம். தெரியுது," என்றாள் லட்சுமம்மா. "எறங்கியிருந்தா நீயும் கிடந்திருப்ப. நின்னது சரிதான் ண்ணா."

அந்த 'ண்ணா' அவர் காதில் விழுந்தது. கொக்கியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"அப்புறம் வெளிய தூக்கிட்ட. மூச்சு வந்துடுச்சு. வேன்ல ஏத்திட்ட." அவள் விளக்கிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தவில்லை. "வாட்ச்மேன் ஏறுனான். வழியெல்லாம் அவரு கையக்கூடப் புடிக்காம உக்காந்திருந்தானாம், பயந்துகிட்டு. உனக்கு நெஞ்ச அமுக்கத் தெரியும். நீ ஏன் ண்ணா ஏறல?"

புகை நடுப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"டேங்க்..." என்றார் எத்திராஜ்.

இந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளும் பஸ்ஸில் நின்று பதில் சொல்லிப் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை. விசாரணையில் கேட்கவில்லை, சந்திரம்மா கேட்கவில்லை, அவரே கேட்டுக்கொள்ளவில்லை.

லட்சுமம்மா காத்திருந்தாள். பிறகு விளக்கில் மிச்சம் இருந்த எண்ணெயைத் துணியில் ஒற்றி எடுத்து, விளக்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"ஃபேனப் போடு," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவர் ஃபேனைப் போட்டார். புகை விலகும் வரைக்கும் நின்றார். பிறகு மாலை ஊற்றை ஊற்றி முடித்து, பெட்டியைப் பூட்டினார். பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். பண்டிகை நாள், பஸ் குறைவு. வந்த பஸ்ஸில் அவள் முன்பக்கம் ஏறினாள், அவர் பின்பக்கம். அல்சூர் மார்க்கெட்டில் அவள் காய் வாங்க இறங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள், அவர் ரிட்டையர் ஆகும் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் தலை குனிந்துதான் பதில் சொன்னார்.